ஆறு நொடிக்கு ஒருமுறை

கல்லூரி நாட்களில் ஒரு கார்த்திகை மாதம், நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்றில் இரண்டு வாரம் பயிற்சிக்காகத் தங்கியிருந்தேன். தரைமட்டத்துக்குக் கீழே, பாறையோடு ஒட்டக் கட்டிய காங்கிரீட் மேடையின்மேல் கருவி இருந்தது. மாடியில் இருந்த அறையில் தாள் சுற்றிய உருளை மெதுவாகச் சுழல, பேனா முனை அதன்மேல் ஓயாமல் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். முதல் மூன்று நாட்கள் அந்தக் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்தது. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கோடு தடித்திருந்தது. குனிந்து பார்த்தால், அது கோடே அல்ல, ரம்பத்தின் பற்களைப் போன்ற நுண்ணிய அலைகளின் வரிசை. நிமிடத்துக்கு 3 செ.மீ. நகரும் அந்தத் தாளில் பற்கள் ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளியில் விழுந்திருந்தன, அதாவது ஆறு நொடிக்கு ஒருமுறை தரை ஒரு முறை ஏறி இறங்கியிருக்கிறது. பற்கள் எல்லாம் ஒரே உயரமாகவும் இல்லை. பத்துப் பதினைந்து பற்கள் படிப்படியாக உயர்ந்து, மறுபடி தாழ்ந்து, ஒரு கதிர் வடிவத்தில் முடிய, அடுத்த கதிர் தொடங்கும். கோத்த மணிகளைப் போல அவை தாள் முழுவதும் தொடர்ந்தன.

பேனாவிலோ மின்சுற்றிலோ கோளாறு என்று நினைத்து, நிலையத்தைக் கவனித்து வந்த பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் தாளைக்கூட நெருங்கிப் பார்க்கவில்லை. "பேனாவில் ஒன்றும் இல்லை தம்பி. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வலுக்கிறது. மாலைச் செய்தியில் சொல்வார்கள்" என்றார். மாலைச் செய்தியில் சொன்னார்கள். கடற்கரை அங்கிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவு. அறையில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அப்படியிருக்கக் கடலின் நிலை எங்கள் காங்கிரீட் மேடைக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு எனக்குக் கிடைத்த விடைகளை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் பதிவு.

அந்தப் பற்களுக்கு நுண்ணதிர்வு என்று பெயர். நிலநடுக்க ஆய்வாளர்கள் அன்றாடப் பேச்சில் இதைப் பின்னணி இரைச்சல் என்பார்கள், ஏனென்றால் அவர்கள் தேடுவது நிலநடுக்கத்தை, இதுவோ அதை மறைக்கிறது. உலகின் எந்த மூலையில் நல்ல கருவியை வைத்தாலும், நிலநடுக்கமே இல்லாத அமைதியான நேரத்தில் அதன் பதிவை அலைவுகாலவாரியாக, அதாவது ஓர் அசைவு முடிய ஆகும் நேரத்தின்படி, பிரித்து வரைந்தால் இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று 10 முதல் 20 நொடி வரையிலான அலைவுகாலத்தில் தாழ்ந்த மேடு. மற்றொன்று 4 முதல் 10 நொடிக்குள் அமைந்த உயர்ந்த மேடு. நகரத்துப் பேருந்தும் ஆலை இயந்திரமும் உண்டாக்கும் அதிர்வு இவற்றோடு சேராது. அது நொடிக்குப் பலமுறை துடிக்கும் விரைவு அதிர்வு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகெங்கும் அடங்கிப்போனது அந்த விரைவு அதிர்வுதான். நுண்ணதிர்வு ஊரடங்கை அறியாது. தரை அசையும் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியது, தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் அது கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை சேர்ந்து அசையும் ஓர் அசைவு.

இதைக் கவனித்தவர்களின் வரிசை நீளமானது. 1870களில் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பாதிரியார் திமோத்தேயோ பெர்தெல்லி, ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் நுனியை நுண்ணோக்கி வழியே ஆண்டுக்கணக்கில் பார்த்து, காற்றழுத்தமானி இறங்கும் நாட்களில் ஊசலின் நடுக்கம் கூடுகிறது என்று கண்டார். 1904இல் ஜெர்மனியின் எமில் வீஹெர்ட், கரையில் மோதி உடையும் அலைகளே காரணம் என்றார். அது எளிதில் ஒப்புக்கொள்ளத்தக்க விளக்கம். மெரினாவிலோ கோவளத்திலோ பெரிய அலை விழும்போது காலடியில் மணல் அதிர்வதை உணர்ந்த எவரும் அதை மறுக்கத் தயங்குவார்கள்.

மறுப்பதற்கான சான்று நம் கடல்களிலிருந்தே வந்தது என்பது எனக்கு இன்றும் பெருமிதம் தரும் செய்தி. பம்பாய் கொலாபா வானிலைக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவரும், பின்னாளில் 1944இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக அமர்ந்த முதல் இந்தியருமான சுதான்சு குமார் பானர்ஜி, 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இந்தியக் கடல்களின் கொந்தளிப்பான வானிலையோடு சேர்ந்து வரும் நுண்ணதிர்வுகளே அதன் பொருள். வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் புயல் எழும் நாட்களையும் பருவமழைக் காலத்தையும் பதிவுத் தாள்களோடு அவர் ஒப்பிட்டார். புயல் நடுக்கடலில் இருக்கும்போதே, அதன் அலைகள் கரையைத் தொடுவதற்கு நெடுநேரம் முன்பாகவே, கருவி அசையத் தொடங்கினால், கரையில் உடையும் அலையைக் காரணம் காட்ட இயலாது. கடல்நடுவே உள்ள அலைகளே ஏதோ ஒரு வழியில் கடலடியை அழுத்துகின்றன என்பதே அவர் பக்கத்து வாதம்.

அந்த 'ஏதோ ஒரு வழி'தான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல். கடல்மேல் அலை எழுந்தால் கடலடி அதிர்வது இயல்புதானே என்று தோன்றும். இயல்பே அல்ல. தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், மேலே படகு ஆடிக்கொண்டிருக்கும்போதும் பன்னிரண்டு பதினைந்து மீட்டர் கீழே போய்விட்டால் அந்த ஆட்டம் தெரியாது. 4 நொடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 25 மீட்டர், அலைநீளத்தில் பாதி ஆழம் போனாலே அலையின் அழுத்த மாறுதல் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். 14 நொடி அலைவுகாலம் கொண்ட பெருங்கடல் அலைக்கு நீளம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அது 150 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். வங்கக்கடலின் நடுவே ஆழம் 3000 மீட்டரை ஒட்டியது. அந்த ஆழத்தில் எந்தப் புயலின் அலையும் கடலடிக்கு எட்டக்கூடாது. பானர்ஜியின் கருத்துக்கு எதிராக எல்லோரும் வைத்த தடையும் இதுதான்.

இன்னொரு புதிரும் சேர்ந்தது. 1941இல் மொராக்கோ கரையின் பதிவுகளைப் பார்த்த பெர்னார், கரைக்கு வரும் அலைகளின் அலைவுகாலத்தில் சரிபாதியே நுண்ணதிர்வின் அலைவுகாலம் என்று குறித்தார். கார்ன்வால் கரையின் அலைகளையும் லண்டன் கியூ நிலையத்தின் பதிவுகளையும் ஒப்பிட்ட டீக்கன், 1947இல் அதையே சொன்னார். கடல் 12 நொடிக்கு ஒருமுறை எழுந்தால் நிலம் 6 நொடிக்கு ஒருமுறை அசைகிறது. ஏன் இரட்டிப்பு?

இரண்டு புதிருக்கும் ஒரே விடையைத் தந்தவர் கேம்பிரிட்ஜின் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸ். 1950இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் கணிதம் கடினமானது. ஆனால் அதன் உயிர்நாடியான கருத்தை ஊசலைக்கொண்டு விளக்கிவிடலாம். நான் அதை எங்கள் ஆச்சி வீட்டு ஊஞ்சலைக்கொண்டு புரிந்துகொண்டேன். தேக்குப் பலகை, நான்கு இரும்புச் சங்கிலி, மேலே உத்தரத்தில் அறைந்த வளையங்கள். சின்ன வயதில் பரண்மேல் ஏறி, கீழே யாராவது ஆடும்போது அந்த உத்தரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஊஞ்சல் முன்னே போய்ப் பின்னே வந்து ஒரு முழு ஆட்டம் முடிப்பதற்குள் மரம் இரண்டு முறை கீழ்நோக்கி இழுபடும். காரணம் தெளிவு. பலகை முன்னே போகும்போது ஒருமுறை உயர்கிறது, நடுவுக்கு வரும்போது தாழ்கிறது, பின்னே போகும்போது மறுபடி உயர்கிறது. ஆடுபவர் முன்பின்னாகப் போவது ஒருமுறை, மேல்கீழாகப் போவது இருமுறை. அவரைத் தூக்கி இறக்கும் விசையை உத்தரம்தான் தாங்க வேண்டும், ஆகவே உத்தரம் உணர்வது இரட்டிப்பு வேகத்துத் துடிப்பை.

இப்போது கடலுக்கு வருவோம். ஒரே திசையில் போகும் அலைத்தொடரில், முகடும் பள்ளமும் இடம் பெயர்ந்துகொண்டே போகின்றனவே தவிர, மொத்த நீரின் நிறைமையம் ஒரே உயரத்தில் நிற்கிறது. கடலடி தாங்கும் மொத்த எடை மாறுவதில்லை. ஆனால் எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு அலைத்தொடர்கள், ஒரே அலைவுகாலத்தோடு நேருக்கு நேர் சந்தித்தால், அங்கே உருவாவது நகரும் அலை அல்ல, நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் நிலையலை. முகடு உச்சியில் இருக்கும் கணத்தில், பள்ளத்திலிருந்த நீர் முகட்டில் ஏறி நிற்கிறது, ஆகவே நிறைமையம் உயர்ந்திருக்கிறது. கால் சுழற்சி கழித்து நீர்ப்பரப்பு தட்டையாகிறது, நிறைமையம் தாழ்கிறது. மேலும் கால் சுழற்சியில் முகடு இருந்த இடம் பள்ளமாகவும் பள்ளம் இருந்த இடம் முகடாகவும் மாறி நிற்க, நிறைமையம் மறுபடி உயர்கிறது. ஓர் அலைச் சுழற்சிக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இந்த ஏற்ற இறக்கத்துக்கான விசையை மேலே உள்ள காற்று தரவில்லை. கீழே உள்ள கடலடிதான் தர வேண்டும். நீர் 100 மீட்டர் ஆழமா, 4000 மீட்டர் ஆழமா என்ற கேள்வியே இந்த வாதத்துக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆழத்தோடு தேயாத அழுத்தம் என்பது இதுதான். இதை முதன்முதலில் படித்த இரவில் நான் பரண்மேல் வைத்த உள்ளங்கையை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அழுத்தத்தின் அளவு, இரண்டு அலைகளின் உயரங்களைப் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது. ஆகவே இரண்டும் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். லாங்கெட்-ஹிக்கின்ஸின் வாய்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 10 நொடி அலைவுகாலமும் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் 4 மீட்டர் வித்தியாசமும் உள்ள இரண்டு அலைத்தொடர்கள் நேருக்கு நேர் சந்தித்தால், கடலடி முழுவதும் 5 நொடிக்கு ஒருமுறை கூடிக் குறையும் அழுத்தத்தின் வீச்சு, 30 செ.மீ. உயர நீரின் எடைக்குச் சற்று அதிகமாக வருகிறது. இடுப்பளவுகூட வராத நீர்தான். ஆனால் அது எத்தனை சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுகிறது என்று எண்ணும்போதுதான் கண்டம் ஏன் அசைகிறது என்று விளங்கும். ஆழத்துக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் தேய்மானமாக அல்ல. நீர் ஒரு குழலைப் போல ஒத்திசைகிறது. 5 நொடி அதிர்வுக்கு ஏறக்குறைய 2 கி.மீ. ஆழமுள்ள கடல் நன்றாக ஒத்திசையும். ஒரு புயல் வலுக்காமலேயே, அத்தகைய ஆழத்தின்மேல் நகர்ந்து வந்ததாலேயே, அதன் நுண்ணதிர்வு கூடிவிடக்கூடும். இதனால்தான் பதிவுத் தாளின் தடிப்பை மட்டும் பார்த்துப் புயலின் வலுவைச் சொல்லிவிட முடியாது.

நடுக்கடலில் எதிரெதிர் அலைகள் எப்படிச் சந்திக்கும் என்று கேட்கலாம். மூன்று வழிகள் உண்டு. புயலே சுழல் காற்று, தவிர நகரவும் செய்கிறது. அது நேற்று எழுப்பிய அலைகளும் இன்று வேறு திசைக் காற்றால் எழுப்பும் அலைகளும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும். புயல் தன் அலைகளைவிட விரைவாக நகரும்போது இது மிகுதி. அடுத்து, கரையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையைச் சந்திக்கும். மூன்றாவது, தொலைவில் உள்ள இரண்டு வெவ்வேறு புயல்களின் அலைகள் எங்கோ நடுவழியில் நேர்கொள்வது. வலிமையான நுண்ணதிர்வுகள் பல இந்த மூன்றாம் வகையில்தான் பிறக்கின்றன. அப்போது அவை பிறக்கும் இடத்தில் வானம் தெளிந்து காற்று மெல்லியதாகக்கூட இருக்கலாம். கொந்தளிக்கும் உண்மையான கடலில் பல திசை அலைகள் கலந்து கிடப்பதைப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டு இந்தக் கோட்பாட்டை முழுமையாக்கியவர் கிளாஸ் ஹாசல்மன், 1963இல். காலநிலைக் கணிப்புக்காக 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

முதலில் சொன்ன தாழ்ந்த மேடு, அதாவது 10 முதல் 20 நொடி வரை உள்ளது, வேறு வகை. அது கடல் அலையின் அலைவுகாலத்தையே அப்படியே கொண்டிருக்கும், இரட்டிப்பு கிடையாது. ஆழம் குறைந்த கரையோரச் சரிவில், அலை கடலடியைத் தொட்டு நேராகவே அழுத்துவதால் அது உண்டாகிறது. இந்த இரண்டு வகைகளும் சேர்ந்து ஒரே புயலைப் பற்றி இரண்டு முறை செய்தி சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தெற்கு அட்சம் 50ஐ ஒட்டி, பெரும் புயல்கள் அடிக்கடி எழும். கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் காற்றே இல்லாத கோடை நாளில் திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வருவதற்கு அவையே காரணம். கேரளத்து மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள், கள்ளனைப் போல ஓசையின்றி வருவதால். ஆழ்கடலில் அலைவுகாலம் நீண்ட அலை விரைவாகவும், குறுகிய அலை மெதுவாகவும் போகும். அங்கிருந்து குமரிமுனை வரை ஏறக்குறைய 6400 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 20 நொடி அலை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். 16 நொடி அலைக்கு ஆறு நாள். 12 நொடி அலைக்கு எட்டு நாள். கரையோர நிலநடுக்கமானியின் பதிவை அலைவுகாலவாரியாகப் பிரித்து வரைந்தால், முதலில் 20 நொடியில் ஒரு புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் சாய்ந்து இறங்கும் ஒரு நீண்ட கீற்றாக இது தெரியும். கீற்றின் சாய்வு ஒன்றை மட்டும் அளந்தாலே புயல் எவ்வளவு தொலைவில் எப்போது இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். தொலைவு கூடக்கூடக் கீற்று படுத்துக்கொள்ளும். ஆனால் அதே புயல் அங்கேயே எதிரெதிர் அலைகளால் கடலடியை அழுத்தி எழுப்பிய அதிர்வு, பாறை வழியே நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வருவதானால், 36 நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடும். பாறை அரைமணி நேரத்தில் சொன்ன செய்தியை நீர் ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுக்கிறது.

அரைமணி நேரத்தில் செய்தி கிடைக்கிறது என்றால், அதைக்கொண்டே புயலைத் தொடரலாமே என்ற எண்ணம் எழாமல் இருக்குமா? செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஷாங்காய் நகரத்துச் சிகாவெய் கூடத்தில் பாதிரியார் எர்னெஸ்தோ கெர்சி, சீனக் கடலின் சூறாவளிகளை இவ்வழியில் கவனித்தார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், மூன்று கருவிகளை முக்கோணமாக வைத்து, அதிர்வு ஒவ்வொன்றையும் எட்டும் நேர வேறுபாட்டிலிருந்து திசையைக் கணித்து 1940இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை கரீபியன் கடலில் இத்தகைய நிலையங்களை அமைத்து, பின்னர் பசிபிக்கிலும் தொடர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பாறை அமைப்பு மாறும் இடங்களில் அதிர்வு வளைந்து திரும்புவதால் திசை தவறாக வந்தது. புயலின் நடுவை விட்டு அதன் அலைகள் சந்திக்கும் இடத்தையே கருவி காட்டியது. விமானமும் ரேடாரும் வந்தபின் இந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு அன்றைய நுண்ணதிர்வு போதுமானதாக இல்லை.

கருத்து மட்டும் சாகவில்லை. ஆயிரக்கணக்கான இலக்கக் கருவிகளைச் சேர்த்துக் கேட்கும் வசதி வந்ததும் அது திரும்பி வந்தது. 2005இல் கேத்ரினா புயல் மெக்சிகோ வளைகுடாவில் இருந்தபோது எழுப்பிய அதிர்வு, பூமியின் உட்பகுதி வழியே சென்று தெற்குக் கலிஃபோர்னியாவின் கருவிகளில் பதிவாகியிருந்ததை அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2014 டிசம்பரில் கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே திடீரென வலுத்த ஒரு புயல் எழுப்பிய அதிர்வலைகள், பூமியைத் துளைத்துக்கொண்டு ஜப்பானை எட்டியதை நிஷிதாவும் தகாகியும் 2016இல் எழுதினார்கள். அதில் பக்கவாட்டில் அசைக்கும் எஸ் அலைகளும் அடையாளம் காணப்பட்டன. நீரால் பக்கவாட்டு அசைவைக் கடத்தவே முடியாது என்பதால் அது வியப்பான கண்டுபிடிப்பு. மறுபுறம், 26 நொடிக்கு ஒருமுறை கினி வளைகுடாவிலிருந்து வரும் ஒரு துடிப்பு, ஜாக் ஆலிவர் 1962இல் எழுதிய நாளிலிருந்து இன்றுவரை தன் காரணத்தை முழுமையாக விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலாக, இரைச்சல் என்று ஒதுக்கிய அதே அதிர்வு நிலத்தின் உள்ளமைப்பைக் காட்டும் விளக்காகவும் ஆகிவிட்டது. இரண்டு நிலையங்களில் மாதக்கணக்கில் பதிவான நுண்ணதிர்வை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்தால், ஒரு நிலையத்தில் தரையைத் தட்டி மற்றதில் கேட்டாற்போன்ற அலை வெளிப்படும். ஷபிரோ, கம்பியோ முதலியோர் 2005இல் இவ்வாறு தெற்குக் கலிஃபோர்னியாவின் மேலோட்டைப் படம்பிடித்தார்கள். அதற்கு ஒரு நிலநடுக்கம்கூடத் தேவைப்படவில்லை. நிலநடுக்கம் நிகழும்வரை காத்திருக்க வேண்டியிருந்த துறையில் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்தக் காத்திருப்பை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். கடல் இல்லாத நிலவுக்கு அப்பல்லோ பயணிகள் கொண்டுபோன நிலநடுக்கமானிகள், தங்களால் அளக்கவே முடியாத அளவு அமைதியைக் கண்டன. நம் நிலத்தை ஓயாமல் தட்டிப் பார்ப்பதற்கு நமக்குக் கடல் இருக்கிறது.

காலநிலை பற்றியும் அந்தத் தடித்த கோடு சாட்சி சொல்கிறது. உலகெங்கும் 52 நிலையங்களின் பல பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆஸ்டர் குழுவினர், கடலலைகளின் ஆற்றல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 0.27 விழுக்காடு என்ற அளவில் கூடிவருகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். அலைமிதவைகள் கடலில் இல்லாத காலத்துக்கும் நிலநடுக்கமானி இருந்தது என்பதே இந்த ஆய்வு முறையின் பலம்.

இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். 1960களின் தொடக்கத்தில், அணுகுண்டு வெடிப்புகளைக் கண்காணிக்கும் நோக்கோடு உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே மாதிரியான கருவிகள் வைக்கப்பட்டன. கொடைக்கானலும் அவற்றுள் ஒன்று. அந்த நிலையங்களில் கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று ஒரு நொடியை ஒட்டிய விரைவு அதிர்வுக்கு, மற்றொன்று பதினைந்து நொடிக்கு மேற்பட்ட மெதுவான அதிர்வுக்கு. நடுவில் விட்ட இடைவெளி, ஆறேழு நொடியில் ஒலிக்கும் கடலைக் கேட்காமல் இருப்பதற்காகவே விடப்பட்டது. நிலநடுக்கத்தைத் தேடுபவர்களுக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் கடலின் வரலாற்றைத் தேடுபவருக்கு, அதற்கு முந்தைய பழைய கருவிகளே உதவும். கொலாபாவில் இருந்த மில்ன்-ஷா போன்ற, 12 நொடி அலைவுகாலம் கொண்ட ஊசல்கள் கடலை மறைக்காமல் எழுதின. கொடைக்கானல் மலையில் முதல் மில்ன் கருவி வைக்கப்பட்டது 1899ஐ ஒட்டிய காலத்தில். விண்ணிலிருந்து புயலைப் படம்பிடிக்கத் தொடங்கியது 1960இல். இடையிலுள்ள அறுபது ஆண்டுகளில் வங்கக்கடலில் எழுந்த புயல்களில் கப்பல் எதுவும் பார்க்காமல் போனவை எத்தனையோ இருந்திருக்கும். அவை தாளில் தடித்த கோடாக விழுந்திருக்கும்.

அமெரிக்காவில் ஈபலிங், ஸ்டெயின் இருவரும், 1992இன் ஆண்ட்ரூ புயலை ஹார்வர்டு நிலையத்தின் நுண்ணதிர்வில் அடையாளம் கண்டு, பழைய பதிவுகளிலிருந்து முற்காலப் புயல்களை மீட்க முடியுமா என்று 2011இல் ஆராய்ந்தார்கள். எளிய வேலை அல்ல. பழைய தாளின் உருப்பெருக்கம், கடிகாரத் திருத்தம், பேனாவின் உராய்வு ஒவ்வொன்றும் தெரிய வேண்டும், தாள் மஞ்சளித்து ஒடியும் முன் ஒளிவருடிப் படமாக்க வேண்டும். இந்த வேலையை நம் பழைய தாள்களில் செய்யும் இளைஞர்கள் வரவேண்டும் என்று, பாடம் நடத்தக் கிடைக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வருகிறேன்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடி போனது. அங்கிருந்து கொடைக்கானல் நேர்க்கோட்டில் 250 கி.மீ. அளவுதான். அந்த வாரத்தில் பழைய வகைக் கருவி எழுதிய தாள் ஒன்று என் மேசைக்கு வருமானால், கையில் உருப்பெருக்காடியும் மில்லிமீட்டர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு, நான் முதலில் தேடப்போவது நள்ளிரவை அல்ல, அதற்கு நான்கைந்து நாள் முன்னே, அந்தமான் பக்கத்தில் காற்று சுழலத் தொடங்கிய நேரத்தில், நேராக விழுந்துகொண்டிருந்த கோட்டில் முதல் பல் எங்கே தொடங்குகிறது என்பதையே.